காவலனைச் சாகடிக்காதீர்கள்: மிகைபுனைவு எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் மிகைபுனைவு (ஃபேண்டஸி) எழுதும் நண்பர்களுக்கும், அவற்றைத் தொடராகவும் நூலாகவும் கொண்டுவரும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

சரிந்துகொண்டிருக்கும் ஓர் அரசு, அரியணைக்கு உரிய ஒரு குழந்தை, அந்தக் குழந்தையைக் காக்கும் பொறுப்பு வந்து சேர்ந்த ஒரு படைவீரன். இந்த மூன்றும் ஒரு கதையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், நான் அதை வாங்கிவிடுவேன். உங்களில் பலர் இதே கதையை எழுதியிருக்கிறீர்கள், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மாயக் காடுகளையும் உறங்கும் பறவை நாகங்களையும் மந்திரம் வற்றிப்போன கோட்டைகளையும் நீங்கள் கட்டும் அழகில் எனக்குக் குறையே இல்லை. குறை அந்த வீரனைப் பற்றியது. அவனை நீங்கள் கொன்றுவிடுகிறீர்கள்.

கோட்டை எரியும். சுரங்கப்பாதையின் வாயிலில் அவன் தனியாக நிற்பான். மார்பில் அம்பு பாயும். குழந்தையின் பெயரைச் சொல்லி விழுவான். அடுத்த அத்தியாயத்தில் பத்து ஆண்டுகள் கடந்திருக்கும், குழந்தை வாளேந்திய இளவரசனாகியிருப்பான். அந்தப் பத்து ஆண்டுகளில் அவனுக்குச் சோறு போட்டது யார்? காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்தது யார்? ஒளித்துவைத்த வீட்டாருக்கு என்ன சொல்லி வாயை அடைத்தார்கள்? நான் படிக்க ஆசைப்படும் கதை முழுவதும் நீங்கள் தாண்டிக் குதித்த அந்த வெற்றிடத்தில்தான் கிடக்கிறது. காவல் என்பது ஒரு நாள் வீரம் அன்று, அது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. செத்துப்போனவனால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

வெறும் ரசனையாக இதைச் சொல்லவில்லை. உண்மையில் இப்படி நடந்த கதைகள் உண்டு. அவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

1216 அக்டோபரில் இங்கிலாந்து மன்னர் ஜான் நியூவார்க் கோட்டையில் இறந்தார். நாடு பாதிக்குமேல் கைவிட்டுப் போயிருந்தது. பிரபுக்களில் பெரும்பகுதியினர் மன்னருக்கு எதிராகக் கிளம்பி, பிரெஞ்சு இளவரசர் லூயியை அழைத்துவந்து லண்டனில் உட்காரவைத்திருந்தார்கள். ஜானின் பொருள்வண்டிகளில் ஒரு பகுதி சில நாட்களுக்கு முன்புதான் வாஷ் கழிமுகத்தின் சேற்றிலும் அலையிலும் போய்விட்டிருந்தது. வரவுசெலவு பார்க்கும் அரசுக் கருவூல அலுவலகம் உள்நாட்டுப் போரால் இயங்காமல் நின்றுவிட்டிருந்தது. வாரிசான ஹென்றிக்கு ஒன்பது வயது.

அந்தச் சிறுவனைக் காக்கும் பொறுப்பு வில்லியம் மார்ஷல் என்பவரிடம் வந்தது. உங்கள் கதைகளில் வரும் இருபத்தைந்து வயதுக் கட்டிளங்காளை அல்லர் அவர். அப்போது ஏறக்குறைய எழுபது வயது.

அவருடைய வாழ்க்கை முழுவதும் நமக்குத் தெரியக் காரணம், அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் அவருடைய குடும்பத்தார் எழுதுவித்த பழைய பிரெஞ்சுப் பாடல் ஒன்று. பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். குடும்பம் காசு கொடுத்து எழுதுவித்தது என்பதால் புகழ்ச்சி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், அதைக் கழித்துக்கொண்டுதான் படிக்கவேண்டும். ஆனால் புகழ்வதற்குத் தேவையே இல்லாத சின்னச் சின்ன விவரங்கள் அதில் நிறைந்து கிடக்கின்றன. எனக்கு அவைதான் பொன்.

முதல் விவரம் இது. மார்ஷலே ஒரு காலத்தில் பணயக் குழந்தை. 1152இல் அன்றைய இங்கிலாந்து மன்னர் ஸ்டீபன் நியூபரியில் மார்ஷலின் தந்தையுடைய கோட்டையை முற்றுகையிட்டபோது, ஐந்தாறு வயது வில்லியமைப் பணயமாக வைத்து அவகாசம் வாங்கினார் அந்தத் தந்தை. வாங்கிய அவகாசத்தில் கோட்டையை ஒப்படைக்காமல் இன்னும் பலப்படுத்திக்கொண்டார். பையனைத் தூக்கிலிடுவோம் என்று சொல்லி அனுப்பியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்தெடுக்கத் தம்மிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருப்பதாக அந்தத் தந்தை பதில் அனுப்பினாராம். ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை. பிறகொரு நாள் கூடாரத்தில் மன்னரும் அந்தப் பையனும் செடித்தண்டுகளை வீரர்களாகப் பாவித்து, ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்கிறது பாடல். தகப்பன் கைவிட்ட குழந்தையோடு, அவனைத் தூக்கிலிட வேண்டிய மன்னர் தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார். இப்படி ஒரு காட்சியை உங்களில் யாராவது எழுதியிருந்தால் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

அடுத்தது காசு. உங்கள் வீரர்கள் எவரும் காசைப் பற்றிப் பேசுவதே இல்லை. குதிரை எங்கிருந்தோ வருகிறது, கவசம் எங்கிருந்தோ வருகிறது. மார்ஷல் நிலமில்லாத இளைய மகன். வீரர் பட்டம் பெற்ற கையோடு இறங்கிய முதல் போரில் ஆவேசமாகச் சண்டையிட்டார், குதிரையைப் பறிகொடுத்தார். எதிரிகளிடமிருந்து ஒன்றையும் கைப்பற்றிக்கொள்ளவில்லை. அன்று இரவு விருந்தில் பெரிய பிரபு ஒருவர் எல்லார் முன்னிலையிலும் அவரிடம் ஒரு சேண வாரையோ பழைய குதிரைக் கழுத்துப்பட்டையையோ பரிசாகக் கேட்டார். தம்மிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று இவர் சொல்ல, என்ன பேச்சு, இன்று எத்தனை பேரை வீழ்த்தினாய் என்று அந்தப் பிரபு கேட்க, மண்டபமே சிரித்தது. கடைசியில் பட்டமேற்பின்போது அணிந்த மேலங்கியை விற்று ஒரு சாதாரணக் குதிரை வாங்கினார். போர் என்பது பிழைப்பும்கூட என்று அன்று கற்றுக்கொண்டவர், பிறகு போர்விளையாட்டுக் களங்களில் எதிராளிகளைப் பிடித்து மீட்புப் பணம் வாங்கியே செல்வந்தரானார். தயவுசெய்து உங்கள் காவலனுக்கு ஒரு கூலி வையுங்கள். கூலி நின்றுபோன மாதத்தில் அவன் என்ன செய்கிறான் என்று எழுதுங்கள். ஓர் அரசு சரிகிறது என்பதை வாசகன் அங்கேதான் உணர்வான். ஊதா நிற மேகமும் உதிரும் சிலைகளும் அதைச் சொல்லிவிடாது.

இனி 1216க்கு வருகிறேன். ஜான் நல்ல எஜமானராக இருக்கவில்லை. மார்ஷலின் மகன்களைப் பணயமாகப் பிடித்துவைத்திருந்தார், அயர்லாந்து நிலங்களில் தொல்லை கொடுத்தார், ஆண்டுக்கணக்கில் அவமானப்படுத்தினார். போதாக்குறைக்கு, மார்ஷலின் மூத்த மகனே அப்போது எதிரணியில் லூயியோடு இருந்தார். விலகிக்கொள்ள இவ்வளவு காரணங்கள் கையில் இருக்க, அந்தக் கிழவர் அந்த மன்னரின் மகனைக் காக்க ஒப்புக்கொண்டார். மரணப்படுக்கையில் ஜான் தாம் இழைத்த தீங்குகளை மன்னிக்கும்படி மார்ஷலுக்குச் சொல்லி அனுப்பி, மகனை அவர் பொறுப்பில் விடவேண்டும் என்று கேட்டுக்கொண்டதாகப் பாடல் சொல்கிறது.

சிறுவனை டிவைசஸ் கோட்டையிலிருந்து அழைத்துவந்தார்கள். மால்ம்ஸ்பரிக்கு அருகே வெட்டவெளியில் மார்ஷல் எதிர்கொண்டார். அவ்வளவு சின்னப் பையன், வளர்ப்பாளர் ஒருவர் தம் முன்னால் சேணத்தில் தாங்கிக்கொண்டு வந்தார். தன்னை இறைவனிடமும் மார்ஷலிடமும் ஒப்படைப்பதாகப் பையன் சொன்னான். சொன்னவன் அழுதான், மார்ஷல் அழுதார், சுற்றி நின்றவர்களும் அழுதார்கள். அக்டோபர் 28ஆம் நாள் குளோஸ்டரில் அவசர அவசரமாக முடிசூட்டு. மரபுப்படி அது நடக்கவேண்டிய வெஸ்ட்மின்ஸ்டர் எதிரியிடம் இருந்தது. முறையான மணிமுடி கைவசம் இல்லை, ஒரு வளையத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். அன்று விருந்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஓர் ஆள் ஓடிவந்து, மார்ஷலின் சொந்தக் கோட்டையான குட்ரிச் தாக்கப்படுகிறது என்று சொன்னான். காவல் தொடங்கிய முதல் நாளே சொந்த வீட்டில் தீ.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதற்கு அடுத்து வரும் இரவுகளை. எல்லாரும் ஆட்சிப்பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள், மார்ஷல் யோசிக்க அவகாசம் கேட்கிறார். தம் ஆட்கள் மூவரைத் தனியே அழைத்து ஆலோசிக்கிறார். ஒருவர் புகழ் வரும் என்கிறார். இன்னொருவர் நம் ஆட்களுக்கெல்லாம் நல்ல வரும்படி வரும் என்கிறார். மூன்றாமவர் ஜான் ஆஃப் எர்லி, சிறுவயதிலிருந்தே அவருடன் இருப்பவர். அவர் மட்டும் தடுக்கிறார். உங்களுக்கு வயதாகிவிட்டது, உடம்பு ஒத்துழைக்காது, பையனிடம் பணம் இல்லை, எல்லாச் சுமையும் உங்கள் தலையில்தான் விழும் என்கிறார். மூவரும் மூன்று விதமாக நேசிக்கிறார்கள் பாருங்கள். ஒருவர் பேராசைக்காரர், ஒருவர் கோழை, ஒருவர் துரோகி என்று நீங்கள் பிரித்துவிடுவீர்கள். அங்கே மூவரும் நல்லவர்கள்.

பொறுப்பை ஏற்றபிறகுதான் மார்ஷலுக்குப் பயம் பிடிக்கிறது. கரையே தெரியாத கடலில் இறங்கிவிட்டதாகச் சொல்லிக் கண்ணீர் விடுகிறார். இப்போது அதே எர்லி அவரைத் தேற்றுகிறார். மிக மோசமாக என்ன நடக்கும்? எல்லாரும் லூயியிடம் போய்விடுவார்கள், நீங்கள் அயர்லாந்துக்குத் தப்பிப்போவீர்கள், அப்போதும் உங்களைவிடப் பெரிய பெயர் யாருக்கும் இருக்காது என்கிறார். கிழவருக்கு நெஞ்சு நிமிர்கிறது. எல்லாரும் கைவிட்டாலும் பையனைத் தோளில் சுமந்துகொண்டு தீவு தீவாக, நாடு நாடாகப் போவேன், பிச்சையெடுத்துச் சாப்பிட நேர்ந்தாலும் விடமாட்டேன் என்கிறார். முதலில் தடுத்தவரே கடைசியில் துணிவு கொடுக்கும் இந்தத் திருப்பத்தில் ஒரு வாள்கூட உருவப்படவில்லை.

அதன்பிறகு அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்றைக் கேட்டால் நீங்கள் ஏமாந்துபோகலாம். பையனைத் தம்முடன் வைத்துக்கொள்ளவில்லை. நாடெங்கும் அலையவேண்டிய தம்மோடு அந்தச் சிறுவனை இழுத்தடிக்க முடியாது என்று, வின்செஸ்டர் ஆயர் பீட்டர் டி ரோஷிடம் விட்டுவைத்தார். காவலன் என்றால் நிழல்போல ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று உங்கள் கதைகள் நினைக்கின்றன. உண்மையான காவலில் பாதி, யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது என்ற கவலைதான். சில வாரங்களில், நவம்பர் 1216இல், ஜான் எந்தச் சாசனத்தை ஏற்றுப் பிறகு தூக்கியெறிந்தாரோ மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய அதே மகா சாசனத்தை (மேக்னா கார்ட்டா) சில பகுதிகள் நீக்கி, சிறுவனின் பெயரில் மார்ஷலும் போப்பின் தூதரும் முத்திரையிட்டு மறுபடி வெளியிட்டார்கள். சிறுவனுக்குச் சொந்த முத்திரைகூட அப்போது இல்லை. கலகக்காரர்கள் எதற்காகச் சண்டைபோட்டார்களோ அதையே கொடுத்துவிட்டால் சண்டைக்குக் காரணம் ஏது? ஒரு காவலன் செய்த மிகப் பெரிய தற்காப்பு ஒரு காகிதத்தால் ஆனது. தோலில் எழுதியது என்று திருத்த வருவீர்கள், சரி, ஒரு தோலால் ஆனது.

வாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1217 மே 20ஆம் நாள் லிங்கன் நகரில் மார்ஷல் வாளோடும் இறங்கினார். எழுபது வயதில் ஆவேசம் தலைக்கேறித் தலைக்கவசம் போடாமலே குதிரையைத் தட்டிவிட்டார். உடனிருந்த பையன் ஒருவன் கவசம், கவசம் என்று நினைவூட்டி நிறுத்தவேண்டியிருந்தது. அன்று எதிரணித் தளபதி பெர்ஷ் பிரபு கண்துளை வழியே ஈட்டி பாய்ந்து இறந்தார். அவர் மார்ஷலின் உறவினர், அந்தச் சாவுக்காக மார்ஷலின் தரப்பிலேயே வருந்தினார்கள். மூத்த மகன் அதற்குச் சில வாரங்கள் முன்பே தந்தையின் பக்கம் திரும்பியிருந்தார். லிங்கனில் இருவரும் ஒரே அணியில் நின்றார்கள்.

ஆகஸ்ட் 24ஆம் நாள் சாண்ட்விச் அருகே கடற்போர். கப்பலில் ஏறத் துடித்த மார்ஷலை அவருடைய ஆட்களே தடுத்துக் கரையில் நிறுத்தினார்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாட்டை யார் காப்பது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. என் மடலின் சாரம் முழுவதும் அந்தக் கடற்கரையில் இருக்கிறது, நண்பர்களே. சாகத் தயாராக இருப்பது அவருக்கு எளிது, வாழ்நாள் முழுவதும் அதைத்தான் பழகியிருந்தார். கரையில் நிற்பதுதான் கடினமாக இருந்தது. உங்கள் காவலனைச் சுரங்கவாயிலில் நிறுத்தி அம்புக்குக் கொடுக்கும்போது, எளிதான பாதியை மட்டும் அவனுக்குக் கொடுக்கிறீர்கள்.

செப்டம்பரில் லூயி பத்தாயிரம் மார்க் பணம் பெற்றுக்கொண்டு விலகச் சம்மதித்தார். இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாரே என்று மார்ஷலைப் பின்னால் பலர் குறைசொன்னார்கள்.

நம் பக்கம் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாரி இறந்து பறம்பு போனபிறகு அவருடைய இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு கபிலர் நடந்தாரே, அதைவிடப் பெரிய காவல் கதை எது? கையில் வாள் இல்லாத காவலர். விச்சிக்கோவின் வாசலில் போய், இவர்கள் பாரியின் மகளிர், நான் பரிசிலன், அந்தணன், மணந்துகொள் என்று கேட்டார். மறுத்துவிட்டான். இருங்கோவேளிடம் போனார். அவனும் மறுத்தான், கபிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். இழந்த அரசின் பிள்ளைகளைக் காப்பவன் வாசல் வாசலாக ஏறி இறங்கவேண்டும், பெருமை பேசிக்கொண்டே கெஞ்சவும் வேண்டும் என்பதைப் புறநானூறு ஈராயிரம் ஆண்டுக்குமுன் எழுதி வைத்துவிட்டது. போன மாதம் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது, இந்த மாதம் இரண்டும் இல்லை என்று அந்தப் பெண்களே பாடியதாக ஒரு பாட்டும் அதிலேயே இருக்கிறது. காக்கப்படுபவருக்கும் வாய் உண்டு என்று உங்கள் இளவரசிகளுக்காக நினைவூட்டுகிறேன். அவர்கள் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், காவலனைக் காதலிக்கிறார்கள். தாங்கள் இழந்ததைப் பற்றித் தாங்களே பேசுவதைக் காணோம்.

சோழர் காலத்து வேளைக்காரப் படையை உங்களில் சிலர் பயன்படுத்துகிறீர்கள், மன்னனுக்காகத் தலையைக் கொடுக்கும் வாய்பேசாத பொம்மைகளாக. இலங்கையில் முதலாம் விஜயபாகுவிடம் வேளைக்காரர் இருந்தார்கள். சோழரோடு போருக்குப் போகச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்தார்கள். மன்னரின் தங்கையைப் பிள்ளைகளோடு சிறைபிடித்தார்கள், அரண்மனைக்குத் தீ வைத்தார்கள் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் பதிவுசெய்கிறது. கலகம் கொடூரமாக அடக்கப்பட்டது. பிற்பாடு பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை அதே வேளைக்காரர் ஏற்றுக்கொண்டு, கூடி உறுதிமொழி எடுத்து, அதைத் தமிழில் கல்லில் வெட்டிவைத்தார்கள். அந்தக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. ஒரே படை காவலும் காத்தது, கலகமும் செய்தது. விசுவாசத்துக்கு ஒரு எல்லை இருந்தது, அந்த எல்லையை அவர்களே முடிவுசெய்தார்கள். உங்கள் காவலனிடம் ஒருமுறையாவது கேளுங்கள்: எது சொன்னால் நீ மறுப்பாய்?

ராஜஸ்தானத்து மார்வார் அரசின் வீரர் துர்காதாஸ் ராத்தோரை விட்டுவிட்டு இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வராது. 1678 டிசம்பரில் மார்வார் மன்னர் ஜஸ்வந்த் சிங் வடமேற்கு எல்லையில் ஜம்ரூதில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து லாகூரில் பிறந்தான் அஜித் சிங். ஔரங்கசீப் மார்வாரை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார். குழந்தையை முகலாய அரண்மனையில் வளர்க்க வேண்டும் என்றார். 1679 ஜூலையில் டெல்லியிலிருந்து துர்காதாஸும் அவருடைய ராத்தோர் குலத்தாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எதிரிகளை வெட்டிக்கொண்டு வெளியேறினார்கள், துரத்தி வந்தவர்களை வழிநெடுக நின்று நின்று சண்டையிட்டுத் தாமதப்படுத்தினார்கள். இதுவரை உங்கள் கதைதான். உண்மையான கதை அதற்குப்பிறகு 28 ஆண்டுகள் நடந்தது. குழந்தை ரகசியமாக வளர்ந்தான். ஔரங்கசீப்போ வேறொரு பையனைத் தம் அரண்மனையில் வைத்துக்கொண்டு, இவன்தான் அசல் அஜித் சிங் என்றார். தான் காப்பது அசல் வாரிசைத்தான் என்று ஒரு காவலன் உலகத்துக்கு எப்படி நிரூபிப்பான்? மந்திரக்கல் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும் என்று எழுதிவிடாதீர்கள், நூறு பக்கத்தை வீணாக்கிவிடுவீர்கள்.

அதே துர்காதாஸிடம் எதிரியின் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். ஔரங்கசீப்பின் மகன் அக்பர் 1681இல் தந்தைக்கு எதிராகக் கிளம்பித் தோற்றபோது, துர்காதாஸ் அவரைத் தெற்கே மராத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அக்பரின் சின்ன மகனும் மகளும் ராத்தோர்களின் பாதுகாப்பில் தங்கிவிட்டார்கள். 1690களில் பேத்தி பாட்டனாரிடம் திரும்பியபோது, இவளுக்கு இனி ஓத ஓர் ஆசிரியை ஏற்பாடு செய்யவேண்டும் என்று ஔரங்கசீப் கவலைப்பட்டார். தேவையில்லை, துர்காதாஸ் அஜ்மீரிலிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்துக் குர்ஆனைக் கற்பித்துவிட்டார் என்றாள் அந்தப் பெண். பாலைவனத்தில் ஓடிக்கொண்டே போர் நடத்திய மனிதர், எதிரியின் பேத்திக்கு அவளுடைய மதத்தைக் கற்றுக்கொடுக்க ஆள் தேடிப் பிடித்திருக்கிறார். அந்த ஆசிரியை எப்படி வந்தார், எங்கே தங்கினார், அந்தப் பெண்ணுக்கு எந்த வேளையில் பாடம் நடந்தது என்று நான் எத்தனையோ முறை கற்பனை செய்து பார்த்ததுண்டு. நீங்கள் எழுதுங்கள். உங்கள் உலகத்தில், உங்கள் தெய்வங்களோடு, உங்கள் பாலைவனத்தில் எழுதுங்கள்.

இவ்வளவும் செய்த இருவருக்கும் என்ன கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும், அதையும் நீங்கள் எழுதுவதில்லை என்பதால். மார்ஷல் 1219இல் நோயுற்று, தேம்ஸ் ஆற்றில் படகில் கேவர்ஷம் வீட்டுக்கு வந்து படுத்தார். மன்னனையும் அவையினரையும் வரவழைத்தார். இந்த நாட்டில் ஆளுக்கொரு மனம், எந்தப் பிரபுவிடம் பையனைக் கொடுத்தாலும் மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள் என்று கணக்குப்போட்டு, போப்பின் தூதர் பாண்டுல்ஃபிடம் ஒப்படைக்க முடிவுசெய்தார். அதுவரை பையனை வளர்த்த வின்செஸ்டர் ஆயர் எழுந்து பையனின் தலையைப் பற்றினார், தமக்கே உரிமை என்பதுபோல. மார்ஷல் அதட்டி விலக்கினார். எல்லார் பார்வையிலும் பையனின் கையைப் பிடித்துத் தூதரிடம் கொடுக்கும்படி மகனை அனுப்பினார். பையனிடம், நல்ல மனிதனாக வளரவேண்டும், தீய முன்னோர் எவரையாவது பின்பற்றுவாயானால் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கவேண்டாம் என்று இறைவனை வேண்டிக்கொள்கிறேன் என்றார். பன்னிரண்டு வயதை எட்டாத பிள்ளையிடம், சாகக் கிடக்கும் காவலர் சொன்ன சொல் அது. மே 14 அன்று இறந்தார்.

அந்தப் பிள்ளை 1272 வரை, 56 ஆண்டுகள், ஆண்டான். அவன் ஆட்சியில் மார்ஷலின் இரண்டாவது மகன் ரிச்சர்ட் மன்னனுக்கு எதிராகக் கலகத்தில் இறங்கி 1234இல் அயர்லாந்தில் காயம்பட்டு இறந்தான். 1245க்குள் ஐந்து மகன்களும் ஆண் வாரிசின்றிப் போய்ச் சேர்ந்தார்கள். துர்காதாஸ் கதையும் அப்படித்தான். 1707இல் ஔரங்கசீப் இறந்ததும் அஜித் சிங் மார்வாரின் தலைநகரான ஜோத்பூருக்குள் நுழைந்தார். வளர்த்தவருக்கும் வளர்ந்தவருக்கும் இடையே கசப்பு முற்றியது. துர்காதாஸ் மார்வாரை விட்டே போய், 1718இல் உஜ்ஜயினில் இறந்தார். காத்த குழந்தை வளர்ந்து அரசனானபிறகு, தன்னை டவுசர் போடாத காலத்திலிருந்து தெரிந்த ஒரு கிழவர் அவையில் உட்கார்ந்திருப்பதை எந்த அரசனால் தாங்கமுடியும்? உங்கள் தொடரின் இரண்டாம் பாகம் முழுவதற்கும் இந்த ஒரு கேள்வி போதும். பறவை நாகம் அதுபாட்டுக்கு ஓரமாகப் பறக்கட்டும்.

பதிப்பாசிரியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வாரமும் ஒரு திருப்பம் வேண்டும் என்று நீங்கள் கேட்பதால்தான் எழுதுகிறவர்கள் கையில் இருக்கும் மலிவான திருப்பத்தை எடுக்கிறார்கள், அது காவலனின் சாவாகிவிடுகிறது. காவலன் கூலி கேட்கும் அத்தியாயத்தையும், அடைக்கலம் கேட்டு வாசலில் நிற்கும் அத்தியாயத்தையும், குழந்தைக்குப் பாடம் சொல்ல ஆள் தேடும் அத்தியாயத்தையும் மெதுவாகப் போகிறது என்று வெட்டாதீர்கள். அடுத்தமுறை ஓர் எழுத்தாளர் கதைச்சுருக்கத்தோடு வந்தால், காவலன் எந்த அத்தியாயத்தில் சாகிறான் என்று கேட்பதை விட்டுவிட்டு, இளவரசனுக்கு இருபது வயதாகும்போது இவனுக்கு என்ன வயது, எங்கே இருக்கிறான், இருவரும் இன்னும் பேசிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருக்கும் கதையை அச்சுக்குப் போகுமுன்பே பணம் கட்டி வாங்கிக்கொள்ள நான் தயாராக இருக்கிறேன். என்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் வாசகன்